ஆசீர், ஆசீர் என்று கூப்பிட்ட நாட்கள்

போன ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம் வந்தபோது போதகர் என் பெயரைச் சொன்னார். எழுந்தேன். சாவின் வாசல் வரை போய்த் திரும்பிய பிள்ளையின் தாய் என்ன சொல்லப் போகிறாள் என்று சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். அழுகையில் தொண்டை அடைத்துவிட்டது என்று நினைத்துப் பக்கத்திலிருந்த அக்கா முதுகைத் தடவிக் கொடுத்தார். எதைக் கர்த்தர் செய்தார், எதை மருந்து செய்தது, எதை நான் கெடுத்தேன் என்று பிரித்துச் சொல்லத் தெரியாமல்தான் உட்கார்ந்தேன். இன்னும் தெரியவில்லை. எழுதிப் பார்க்கிறேன். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, இப்போதே கிளம்புவதா, இன்னும் கொஞ்சம் பார்ப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கும் எந்தத் தாய்க்காவது இது உதவினால் போதும்.

நாங்கள் இருப்பது லோயர் கேம்ப்புக்குக் கீழே, வாய்க்கால் ஓரத்து ஊர். என் கணவர் பிரபு பன்னீர் திராட்சை போட்டிருக்கிறார். அவருடைய அக்கா ஜெயா மதினி எங்களோடுதான் இருக்கிறார். கணவர் இறந்துவிட்டார், பிள்ளை இல்லை. தினமும் ஜீப்பில் மலையேறி, எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போய்வருவார். ஆசீர் எங்கள் ஒரே மகன், நான்கு வயது. நான் பி.எட். முடித்தவள். அவன் பெரிய பள்ளிக்குப் போகும்வரை வீட்டிலிருக்கலாம் என்று இருக்கிறேன். ஞாயிறுதோறும் சபைப் பிள்ளைகளுக்கு வேதப்பாடம் எடுப்பது என் பொறுப்பு.

காய்ச்சல் வந்த ஞாயிற்றுக்கிழமை நான் எடுத்தது சாமுவேல் பாடம். ஆலயத்தில் படுத்திருக்கும் சிறுவனைக் கர்த்தர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். கண் மங்கிய ஆசாரியர் ஏலிதான் கூப்பிட்டார் என்று நினைத்து அவன் எழுந்து ஓடுகிறான். நான் கூப்பிடவில்லை, போய்ப் படு என்கிறார் ஏலி. இப்படியே மூன்று முறை. நான்காம் முறைதான் கூப்பிடுகிறவர் யாரென்று தெரிந்து பதில் சொல்கிறான். வருஷா வருஷம் எடுக்கிற பாடம், படம் காட்டிச் சொல்லி முடித்துவிடுவேன்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஆசீர் கேட்டான். "சாமுவேலுக்குக் காது கேக்காதாம்மா?"

"கேக்கும்டா. ஏன்?"

"பெறகு எதுக்கு அத்தன தடவ கூப்பிடுறாக?"

பிள்ளைகள் சிரித்தார்கள். "அவன் தூக்கக் கலக்கத்துல இருந்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்தைத் திருப்பினேன்.

அன்று சாயங்காலமே அவன் உடம்பு கொதித்தது.

கம்பத்தில் வழக்கமாகப் போகும் டாக்டரிடம் காட்டினோம். மழை விட்டு ஊரெல்லாம் காய்ச்சலாக இருந்த சமயம். மருந்து கொடுத்தால் இறங்கும், மருந்தின் வேகம் போனதும் ஏறும். ரத்தம் எடுத்துப் பார்த்து டெங்கு இல்லை என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டு நான் விட்ட மூச்சை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. ஒரு நோய் இல்லை என்றால் எந்த நோயும் இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிட்டபோது அதைப் பார்த்தேன். இடது இடுப்பில், அரைஞாண் கயிற்றுக்கு அடியில், கறுப்பாகப் பொருக்குக் கட்டிய ஒரு புண். ஊதுபத்தி நுனியால் சுட்டது போலச் சின்னதாக, வட்டமாக. கயிற்றில் கோத்த வெள்ளிமணி உரசியிருக்கும் என்று கொஞ்சம் தேங்காயெண்ணெய் தொட்டு வைத்தேன். இதை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. மங்கலாக வரவில்லை. பக்கத்தில் யாரோ நின்று சொன்னது போல வந்தது. அதே நேரத்தில் அடுப்பில் பால் பொங்கியது, ஓடினேன். திரும்பி வந்தபோது அந்த நினைப்பு இல்லை.

இரண்டு நாள் கழித்து அவனுக்கு வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. குடித்த தண்ணீரையும் வாந்தி எடுத்தான். பக்கத்து வீட்டுக்காரரின் காரை வாங்கிக்கொண்டு பிரபு தேனிக்கு ஓட்டினார். சின்னமனூர் தாண்டும்போது என் மடியில் அவன் கண் மேலே சொருகியது. வலது கை வெட்டி வெட்டி இழுத்தது. "ஆசீர்! ஆசீர்!" என்று அலறினேன்.

பிரபு திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "கூப்பிட்டுக்கிட்டே இரு. விட்றாத. கூப்பிட்டுக்கிட்டே இரு" என்றார்.

தேனி ஆஸ்பத்திரியில் அவனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனார்கள். குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு. தாயை மட்டும் கட்டில் பக்கத்தில் உட்கார விடுவார்கள். வலிப்பை நிறுத்த ஊசி போட்ட பிறகு நர்ஸ் அவன் காதருகில் குனிந்து, "ஆசீர், ஆசீர், கண்ணத் தொற சாமி" என்றாள். திறக்கவில்லை. நெஞ்செலும்பின் மேல் விரல் முட்டியால் அழுத்தினாள். முகத்தைச் சுளித்தான், அவ்வளவுதான். மயக்கம் எவ்வளவு ஆழம் என்று பார்க்க அவர்களுக்கு இதுதான் வழி. கூப்பிட்டால் விழிக்கிறதா, வலித்தால் விழிக்கிறதா, இரண்டுக்கும் விழிக்கவில்லையா. என் மகன் நடுவில் எங்கோ இருந்தான். சில மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது வந்து இதைச் செய்வார்கள். ஒவ்வொரு முறையும் அந்த விரல் என் நெஞ்சில் இறங்கியது.

குழந்தை மருத்துவர் என் வயதே இருக்கும் பெண். பொறுமையாகப் பேசுவார். "மூளையைச் சுத்தி இருக்குற சவ்வுல வீக்கம் இருக்கலாம். எந்தக் கிருமின்னு தெரியணும். தெரியறவரைக்கும் பொதுவான மருந்து ஏத்துறோம். நீங்க அவன்கிட்டப் பேசிக்கிட்டே இருங்க. பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. உங்க குரல்தான் அவனுக்கு ரொம்பப் பழக்கம்."

பிறகு கேட்டார். "புல்லு, புதருன்னு வெளையாடுவானா? உடம்புல பூச்சி கடிச்ச தடம், கறுப்பா ஆறாத புண்ணு ஏதாவது இருக்கா?"

"திராட்சைப் பந்தலுக்குக் கீழதான் டாக்டர் எந்நேரமும் கெடப்பான். புண்ணெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. என் மனதில் அது புண்ணே அல்ல, கயிறு உரசிய தடம். டாக்டர் அக்குளில் பார்த்தார், காதுக்குப் பின்னால் பார்த்தார், தொடையிடுக்கில் பார்த்தார். கறுப்புக் கயிற்றுக்கு அடியில், அவன் கறுத்த தோலில், அது கயிற்றின் ஒரு முடிச்சு போலத்தான் கிடந்திருக்கும்.

வயர்களை ஒட்டும்போது நர்ஸ் சொன்னாள். "இந்தக் கயித்த அத்துருங்கக்கா. எடஞ்சலா இருக்கு."

"இருக்கட்டும் சிஸ்டர். ஒதுக்கி வச்சுக்கிறேன்."

அவள் வற்புறுத்தவில்லை. கயிறு நகராமல் இருக்க இடுப்போடு சேர்த்துப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினாள். புண்ணும் அதற்குள் போயிற்று.

ஏன் அறுக்கவில்லை என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். எங்கள் பக்கம் அரைஞாண் கயிறு நைந்துபோனால் புதிதைக் கட்டிவிட்டுத்தான் பழையதை அறுப்போம். இடுப்பு ஒரு நிமிஷம் வெறுமையாக இருக்கக் கூடாது. புதிது கட்டாமல் அறுப்பது ஒரே ஒரு சமயத்தில்தான், உயிர் போன உடம்பைக் குளிப்பாட்டும்போது. என் அப்பாவுக்கு அறுத்ததை நான் பார்த்திருக்கிறேன். இதெல்லாம் விசுவாசிகளுக்குத் தேவையில்லை என்று போதகர் ஒருமுறை பிரசங்கத்தில் சொன்னார். எல்லோரும் ஆமென் சொன்னோம். அடுத்த வாரம் மதினி ஆசீருக்குப் புதுக் கயிறு கட்டினார், ஏலக்காய்க் கூலியில் வாங்கிய வெள்ளிமணிகள் கோத்து. அவன் நடந்தால் மெல்லச் சத்தம் கேட்கும். எந்த மூலையில் இருக்கிறான் என்று அதை வைத்துத்தான் வீட்டில் கண்டுபிடிப்போம்.

மறுநாள் காலையில் மதினி தூக்குவாளியோடு வந்து சேர்ந்தார். பார்வை நேரத்தில் உள்ளே விட்டார்கள். கட்டிலைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு நொடி கலங்கியது. உடனே சரிசெய்துகொண்டார்.

"ஏலே மோனே, என்னலே இது? ஒன் பொம்ம ஜீப்பு அங்கன சக்கரம் கழண்டு கெடக்கு, நீ இங்கன ஏசியில காலாட்டிக்கிட்டுப் படுத்திருக்க? எந்திரிலே." எல்லைக்கு அந்தப் பக்கம் வேலை பார்ப்பதால் அவனை மட்டும் மலையாளத்தில் மோனே என்பார். பதில் இல்லாததால் என் பக்கம் திரும்பினார். "நீ என்னத்தா, சுவத்துப் பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்கிற? ரெண்டு இட்லியத் தின்னு."

"எறங்காது மதினி."

"எறங்காதா? நீ பட்டினி கெடந்தா அவனுக்குக் காய்ச்சல் எறங்கிருமா? அப்படின்னாச் சொல்லு, நானும் கெடக்குறேன்." பிய்த்து என் வாயில் ஊட்டினார். அவர் விரலில் ஏலக்காய் வாசம் இருந்தது. அந்த ஆஸ்பத்திரியில் எனக்குத் தெரிந்த ஒரே வாசம் அதுதான்.

வெளியே காத்திருக்கும் இடத்தில் உத்தமபாளையத்திலிருந்து வந்த ஒரு முஸ்லிம் அம்மா பழக்கமானார். அவருடைய பேத்தியும் உள்ளே இருந்தாள். "புள்ள பேரு என்னத்தா?" என்று கேட்டார். சொன்னேன். "தொழுகையில கேக்குறேன். பேரு தெரிஞ்சாத்தான கேக்க முடியும்" என்றார். என்னிடமும் பேத்தியின் பெயரைச் சொல்லிவிட்டுப் போனார்.

பிரபு மாத்திரைக்கும் ரத்தத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தார். ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருந்தன, ரத்தக்கசிவைத் தடுக்கும் அணுக்கள் அவை. கல்லீரலும் வீங்கியிருந்தது. ஒவ்வொரு சீட்டும் கவுன்டரில் ஒரு பில்லாக மாறியது. திராட்சையை இனிப்பு ஏறும் முன்பே வெட்டச் சொல்லி அவர் போனில் பேசுவது கேட்டது. "புளிப்புன்னா புளிப்பாத்தான் போகட்டும். வெட்டு" என்றார். ஒரு சிராய்ப்பு இல்லாமல் வளர்த்த கொத்துகள் அவை. அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் எதிர்த்துப் பேசிக் கொஞ்சம் இளகியிருப்பேன்.

இரண்டாம் முறை கயிற்றைப் பற்றிக் கேட்டது முதுகுத்தண்டில் நீர் எடுக்கும்போது. மூளையைச் சுற்றி ஓடும் நீர் முதுகெலும்பு வழியாகவும் இறங்குகிறது. கீழ்முதுகில் ஊசி போட்டுச் சில துளி எடுத்தால் உள்ளே என்ன கிருமி என்று ஓரளவு தெரியும். பிள்ளையை இறாலைப் போல வளைத்துப் பிடிக்க வேண்டும். பயிற்சி டாக்டர், "கயித்த எடுத்துரலாமே" என்றார். "மேல தள்ளிப் பிடிச்சுக்கிறேன் சார்" என்றேன். பின்பக்கக் கயிற்றை மட்டும் மேலே இழுத்தேன். முன்பக்கம் பிளாஸ்திரிக்குள் அப்படியே இருந்தது. ஊசி இறங்கியபோது அவன் முனகினான். அந்த முனகலுக்காகக் கர்த்தரை ஸ்தோத்திரித்தேன். என் பிள்ளைக்கு வலிக்கிறது என்று சந்தோஷப்பட்ட ஒரே நாள் அது.

நீரில் வீக்கத்தின் அடையாளம் இருந்தது, கிருமி பிடிபடவில்லை. டாக்டர் சந்தேகப்பட்ட சில நோய்களுக்கான ரத்தப் பரிசோதனைகளும் இல்லை என்றே வந்தன. இந்த முறை 'இல்லை' என்ற சொல்லைக் கேட்டுப் பயந்தேன். பெயரில்லாத ஒன்று அவனைப் பிடித்து வைத்திருந்தது. காய்ச்சலும் இறங்கவில்லை.

கூப்பிடுவதைத் தவிர எனக்கு அங்கே வேலை இல்லை. "ஆசீர், ஆசீர். அம்மா வந்திருக்கேன்." "ஆசீர், ஆசீர். ஜீப்பு ஓட்டுவமா?" குரல் கம்மிப்போயிற்று. பெயரை இரண்டு தடவை சொல்கிறேன் என்பதையே தாமதமாகத்தான் கவனித்தேன். முதல் தடவை அவனை எழுப்ப. இரண்டாம் தடவை என்னால் தாங்க முடியாததால். முதல் கூப்பாட்டுக்குப் பிறகு வரும் அந்த அமைதியில் ஒரு தாயால் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது.

வேதத்தில் கர்த்தர் ஆபிரகாமை இரண்டு தடவை கூப்பிடுகிறார். மோசேயை, சாமுவேலை, மார்த்தாளை, சவுலை, எல்லோரையும் அப்படித்தான். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும்போது அந்த இடத்தில் நான் குரலை உயர்த்துவேன், வீட்டுப்பாடம் எழுதாதவனைக் கூப்பிடும் டீச்சர் மாதிரி. எத்தனை வருஷமாகத் தப்பாக வாசித்திருக்கிறேன் என்று அந்தக் கட்டில் பக்கத்தில் தெரிந்தது. ஆனால் அது அப்போது எனக்கு ஆறுதலாக இல்லை. கோபம்தான் வந்தது. நானும் கூப்பிடுகிறேனே ஆண்டவரே, ஆண்டவரே என்று. உமக்கு என்ன மயக்கம்? உம் நெஞ்சில் யார் விரலை வைத்து அழுத்துவது? இப்படிக் கேட்டுவிட்டு, கேட்டதற்காகவே பிள்ளையை எடுத்துவிடுவாரோ என்று பயந்து மன்னிப்பும் கேட்டேன். சபையில் என்னால் சொல்ல முடியாமல் போனதில் இதுவும் ஒன்று.

அடுத்த நாள் மத்தியானம் டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். பெரிய காந்தத்தால் மூளையைப் படம் பிடிப்பது, கதிர் கிடையாது. கீழ்த்தளத்தில் இருந்தது. ஸ்ட்ரெச்சரில் ஆசீர், ஆக்சிஜன் சிலிண்டர், கூடவே டாக்டர், நான், மதினி. பிரபு மருந்துக் கடை வரிசையில் நின்றார். எங்களுக்கு முன் ஒருவர் உள்ளே இருந்தார். கதவுக்கு அப்பால் சுத்தியலால் அடிப்பது போல மெஷின் சத்தம்.

ஸ்கேன் எடுப்பவர் எட்டிப் பார்த்தார். "உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. இடுப்புக் கயித்துல வெள்ளி இருக்கா? அத்துட்டு ரெடியா இருங்க."

மதினி என் கையைப் பிடித்தார். "இந்தா, அறுத்துராத. வாசல்ல பெட்டிக்கடை இருக்கு. கறுப்புக் கயிறு வாங்கியாரேன், வெறுங்கயிறு. அதக் கட்டிட்டு இத அறுப்போம். நான் வார வரைக்கும் அறுக்கக் கூடாது, ஆமா." செருப்பை மாட்டாமலே ஓடினார்.

மதினி போய் வெகுநேரம் ஆனது போல இருந்தது, உண்மையில் ஆகியிருக்காது. உள்ளேயிருந்தவரை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். கதவு திறந்தது. ஸ்கேன் எடுப்பவர் கையிலிருந்த தாளைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஆசீர்!"

நான் வாசலைப் பார்த்தேன். மதினியைக் காணோம். கை கயிற்றின் மேல் இருந்தது.

"ஆசீர்! ஆசீர் யாரும்மா?"

முன்பின் தெரியாத ஒரு மனிதர், சாப்பாட்டு நேரம் தவறிய அலுப்போடு, என் மகனின் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டார். அவனால் பதில் சொல்ல முடியாது. அவனுக்காக நான்தான் சொல்ல வேண்டும். அதுவரை கயிற்றைக் கழற்றச் சொன்னவர்களுக்கெல்லாம் நான் சொன்ன பதில் நினைவுக்கு வந்தது. இருக்கட்டும். ஒதுக்கி வச்சுக்கிறேன். தள்ளிப் பிடிச்சுக்கிறேன். எந்த அழைப்புக்கும் நான் சொல்லிவந்த பதில் அதுதானே என்று நெஞ்சில் அடித்தது போல இருந்தது.

"இங்கன இருக்கோம் சார்" என்றேன். டாக்டரிடம் கத்தரிக்கோல் கேட்டேன். கயிற்றை அறுத்தேன்.

அப்பாவின் இடுப்பு கண்ணில் வந்தது. மணிகள் தரையில் சிதறி உருண்டன. மிச்சக் கயிறு பிளாஸ்திரியோடு ஒட்டியிருந்ததால் அதையும் உரித்தேன். எனக்குப் பழகிப்போன அந்தக் கறுப்புப் பொருக்கு வெளியே தெரிந்தது. மூடுவதற்காகத் துணியை இழுத்தேன்.

டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்தார். குனிந்து பார்த்தார். "இது எப்பத்துலருந்து இருக்கு?"

"காய்ச்சல் வந்த மூணாம் நாளு பாத்தேன் டாக்டர். கயிறு உரசுன தடம்."

"இதத்தாம்மா கேட்டேன்." அவர் குரலில் கோபம் இல்லை. அழுகைக்குப் பக்கத்தில் ஏதோ இருந்தது. போனை எடுத்து மேலே வார்டுக்குப் பேசினார், மருந்தின் பெயரைச் சொல்லி உடனே தயார்செய்யச் சொன்னார்.

அது உண்ணிக் காய்ச்சல். ஸ்கரப் டைஃபஸ் என்று சொல்கிறார்கள். புல்லிலும் புதரிலும் இருக்கும், கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு குட்டி உண்ணி கடிப்பதால் வருவது. கடித்தது வலிக்காது, அரிக்காது. கடித்த இடம் கருகினாற்போல் பொருக்குக் கட்டும். துணி இறுகும் இடமாக, மடிப்பாகப் பார்த்துத்தான் பெரும்பாலும் கடிக்கும். ஆரம்ப நாட்களில் ரத்தப் பரிசோதனை சிலருக்குக் காட்டாது. அந்தப் பொருக்கைக் கண்டுவிட்டால் பரிசோதனைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அதற்கென்று இருக்கும் மருந்து பழைய, சாதாரண மருந்து. அதுவரை ஏற்றிய பொதுவான மருந்து இந்தக் கிருமியைத் தொடாது. தாய்மார்களே, காய்ச்சலென்றால் பிள்ளையின் உடம்பை முழுவதும் பாருங்கள். கயிற்றுக்கு அடியிலும் பாருங்கள். பார்த்ததைச் சொல்லுங்கள், அது என்னவென்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

மதினி மூச்சிரைக்க வந்தபோது ஆசீர் உள்ளே போய்விட்டான். கையில் புதுக் கயிறு. தரையில் மணிகளைப் பார்த்தார்.

"அறுத்துட்டியா?" என்றார். நான் தலையாட்டினேன். தலையில் அடித்துக்கொண்டு, "அடிப் பாவி, நான் வாரதுக்குள்ள..." என்று ஆரம்பித்தவர், டாக்டர் சொல்லி முடித்ததைக் கேட்டுச் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். "நான் கட்டுன கயிறு" என்றார். பிறகு ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி முந்தானையில் முடிந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் மணி பொறுக்கினேன்.

மருந்து ஏறிய மறுநாள் காய்ச்சல் விட்டது. அதற்கடுத்த நாள் கண்ணைத் திறந்தான். "ஆசீர், ஆசீர்" என்றேன். என் உதடு அசைவதை வெறித்துப் பார்த்தான். பிறகு கண் வேறெங்கோ போயிற்று. தலைக்குப் பின்னால் நின்று நர்ஸ் கூப்பிட்டாள். திரும்பவில்லை. கைதட்டினாள். திரும்பவில்லை.

உயிரைத் திருப்பிக் கொடுத்து முழுதாக ஒரு நாள் ஆகவில்லை, மறுபடியும் அதே குழிக்குள் விழுந்தேன். இந்த நோய் சிலருக்குக் காது நரம்பைத் தாக்கும் என்றார் டாக்டர். அநேகமாக வாரங்களில் திரும்பிவிடும், உறுதியாகச் சொல்ல முடியாது. "வீட்டுக்குப் போய்ப் பின்னாலருந்து கூப்பிட்டுப் பாத்துக்கிட்டே இருங்க. முகத்தக் காட்டாதீங்க."

அப்போது எனக்கு ஆசீர் கேட்ட கேள்விதான் நினைவு வந்தது. சாமுவேலுக்குக் காது கேக்காதாம்மா?

வீட்டுக்கு வந்தோம். மதினி வேலைக்குப் போகவில்லை. வாங்கிய புதுக் கயிறு அவருடைய சுருக்குப்பையில் இருக்கிறது. கட்டவா என்று அவர் கேட்கவில்லை, கட்டுங்கள் என்று நானும் சொல்லவில்லை. பிரபு திராட்சைப் பந்தலுக்குக் கீழே புல்லை முழுக்கச் செதுக்கிவிட்டார். நான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து, கதவுக்குப் பின்னாலிருந்து, கிணற்றடியிலிருந்து. ஆசீர், ஆசீர். ஒருநாளும் திரும்பவில்லை. வாயசைவைப் பார்த்தே பாதி புரிந்துகொள்ளப் பழகிவிட்டான், அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

கயிற்றைக் கழற்றச் சொன்ன அந்தக் குரல்களெல்லாம் கர்த்தருடையவைதானா என்று பிரபுவிடம் கேட்டேன். "நர்ஸு சொன்னா நர்ஸு சொன்னதுதான். அதக் கேக்குறதுக்கு எதுக்குக் கர்த்தரு?" என்றார். அதுவும் சரியாகத்தான் படுகிறது. சாமுவேலுக்கும் அது ஏலியின் குரலாகத்தான் கேட்டது என்று நினைக்கும்போது இதுவும் சரியாகப் படுகிறது. எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான். பால் பொங்கியபோது நான் ஓடியது பாலை இறக்கத்தான் என்று சொல்லிக்கொண்டாலும், திரும்பி வந்தபின் அந்த நினைப்பைத் தேடிப்பார்க்க எனக்கு நேரம் இருந்தது.

நான் சாட்சி சொல்ல முடியாமல் உட்கார்ந்த ஞாயிற்றுக்கு மறுநாள். ஆசீர் வாசலில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சக்கரம் மாட்டிய ஜீப்பை மணலில் ஏற்றிக்கொண்டிருந்தான். நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். "ஆசீர்" என்றேன். அசையவில்லை. "ஆசீர், ஆசீர்." அசையவில்லை. கையிலிருந்த துணியைக் கீழே வைத்தேன். என்னையறியாமல் குரல் உடைந்தது. "ஆசீர்!"

தோள் அசைந்தது. திரும்பிப் பார்த்தான்.

என் நிழலைப் பார்த்துத் திரும்பினானோ? வெயில் எனக்கு எதிர்ப்பக்கம் இருந்தது, நிழல் விழவில்லை. காற்றோ, மதினி எதிரே நின்று கை காட்டினாரோ? எட்டிப் பார்த்தேன். வாசலில் வேறு யாரும் இல்லை. எனக்கு நம்பிக்கை வரவில்லை. சுவருக்குப் பின்னால் மறைந்துகொண்டு, வாயைக் கையால் மூடிக்கொண்டு, இன்னொரு முறை கூப்பிட்டேன். "ஆசீர்."

"எத்தன தடவமா கூப்பிடுவ?" என்று வாசலிலிருந்து அலுத்துக்கொண்டான். "மொதத் தடவயே கேட்டுச்சு. நாந்தேன் வரல."